நிலவில் ஊன்றிய பிறகுதான் செவ்வாயா? கணக்கோடு பேசலாம்

தென்துருவம்:
இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பேச்சு கனவு, பெருமை, யார் முந்துவது என்று போய்விடுகிறது. இங்கே எடை, நாள், வாட் என்று பேசலாம். என் நிலைப்பாடு இது: செவ்வாய்க்கு ஆள் அனுப்பும் முன் மனிதர்கள் நிலவில் ஆண்டுக்கணக்கில் தங்கிக் காட்ட வேண்டும். இதற்குக் காரணம் தூரம்.

நிலவு சராசரியாக 3,84,400 கிமீ. கேட்ட கேள்விக்கு இரண்டரை வினாடியில் பதில் வரும், ஏதாவது ஆனால் மூன்று நான்கு நாளில் ஊர் திரும்பலாம். 1970 ஏப்ரலில் அப்போலோ 13-இன் ஆக்சிஜன் கலன் வெடித்த பிறகு, நிலவைச் சுற்றிக்கொண்டு நான்கு நாளுக்குள் மூவரும் உயிரோடு திரும்பினார்கள். செவ்வாய் 5.5 கோடி கிமீ முதல் 40 கோடி கிமீ வரை விலகி நிற்கும் கோள். ஒரு செய்தி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம். பயணம் ஆறு முதல் ஒன்பது மாதம். கோள்கள் தோதாக அமையும் ஏவுகாலம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான். போய், அங்கே ஏறத்தாழ 500 நாள் காத்திருந்து, திரும்பி வர மொத்தம் 900 நாள் ஆகும். நடுவில் ஒரு பம்ப் பழுதானால் புதியதை யாரும் கொண்டுவந்து தர முடியாது.

நிலவில் மனிதர்கள் தொடர்ந்து இருந்த அதிகபட்ச நேரம் அப்போலோ 17-இன் 75 மணி நேரம். அந்த 75 மணியிலிருந்து 900 நாளுக்கு ஒரே தாவலில் போக முடியும் என்பவர்கள், எந்தப் படிகளைத் தேவையற்றவை என்று கருதுகிறார்கள் என்று சொல்லட்டும்.

உந்துவிசை:
தங்கிப் பழக வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதே மூச்சில் வரும் இன்னொரு வாதத்தை மட்டும் இப்போதே ஒதுக்கிவிடலாம்: நிலவு செவ்வாய்க்குப் போகும் வழியில் இருக்கும் நிறுத்தம் என்பது.

பூமியின் தாழ்வட்டப் பாதையிலிருந்து நிலவை நோக்கிக் கிளம்ப நொடிக்கு 3.1 கிமீ வேகமாற்றம், நிலவைச் சுற்ற 0.9, தரையிறங்க 1.9. மொத்தம் 5.9. காற்று இல்லாததால் கடைசி மீட்டர் வரை எஞ்சினை எரித்துத்தான் நிற்க வேண்டும். செவ்வாய்க்குக் கிளம்ப 3.6 முதல் 3.9 வரை. பெரும்பகுதி வேகத்தை அங்குள்ள காற்றே உறிஞ்சிக்கொள்ளும், கடைசியில் எஞ்சினுக்கு மிஞ்சுவது ஒரு கிமீக்கும் குறைவு. மொத்தம் 4.6 என்று வைத்துக்கொள்வோம்.

மீத்தேன் எஞ்சினின் வெளியேற்ற வேகம் நொடிக்கு 3.6 கிமீ என்றால், கலமும் சரக்குமாக 100 டன்னை நிலவில் இறக்கத் தாழ்வட்டப் பாதையில் ஏறக்குறைய 415 டன் உந்துபொருள் வேண்டும். செவ்வாயில் இறக்க 260 டன் போதும். வெப்பக் கவசத்தின் எடை அந்த 100-க்குள் அடங்க வேண்டும் என்றாலும், செவ்வாய்தான் மலிவு. நிலவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு செவ்வாய்க்குப் போவது என்பது, ஏறவேண்டிய மலையை விட்டு இன்னொரு மலையில் ஏறி இறங்கிவிட்டு வருவது மாதிரி.

தென்துருவம்:
கலம் நிலவில் இறங்கவே வேண்டாம். நிலவில் எடுத்த ஆக்சிஜனை மேலே சுற்றுப்பாதைக்கு அனுப்பினால்? மீத்தேன் எஞ்சினில் ஒரு பங்கு மீத்தேனுக்கு 3.6 பங்கு ஆக்சிஜன் எரிகிறது. எடையில் 78% ஆக்சிஜன்தானே.

உந்துவிசை:
கொள்கையளவில் சரி. ஆண்டுக்கு 1,000 டன் என்று வைத்துப் பாருங்கள்.

ஒன்பது பங்கு நீரில் எட்டுப் பங்கு ஆக்சிஜன், ஆகவே 1,125 டன் நீர் வேண்டும். 2009-இல் நாசாவின் எல்கிராஸ் கலம் மோதிய, நிலவின் தென்துருவத்தை ஒட்டிய கபேயஸ் பள்ளத்தில் மண்ணின் எடையில் 5.6% நீர் என்று கணித்தார்கள், பிழைவரம்பு 2.9. ஐந்து சதவீதம் என்று எடுத்து, ஒரு துளி வீணாகாமல் பிரித்தாலும் 22,500 டன் உறைமண்ணைத் தோண்ட வேண்டும், அதுவும் சூரியனையே காணாத பள்ளத்துக்குள். நீரைப் பிரிக்க ஒரு கிலோவுக்குக் குறைந்தது 4.4 யூனிட் மின்சாரம். ஆண்டு முழுவதும் இடைவிடாமல் 565 கிலோவாட் என்று வரும். இழப்புகளைச் சேர்த்தால் 700 கிலோவாட் வைத்துக்கொள்வதே பத்திரம். நிலவுக்கென நாசா திட்டமிட்ட அணு உலை 40 கிலோவாட் வகை. அதில் பதினேழு பதினெட்டு. இதில் தோண்டும் செலவு, மண்ணைச் சூடாக்கும் செலவு, திரவமாக்கும் செலவு, மேலே தூக்கும் செலவு எதுவும் சேரவில்லை.

இது பின்னாளில் நடக்கலாம். முதல் செவ்வாய்ப் பயணத்தை இதற்காகக் காக்க வைப்பதில் பொருளில்லை.

செம்மண்:
உந்துவிசை சொன்னதோடு நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன். "குடியேற்றம்" என்று சொன்னால் அதற்குக் கார்பன், நைட்ரஜன், நீர், வெளிச்சம் நான்கும் வேண்டும். நிலவு மண்ணில் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உண்டு, ஆனால் சிலிக்கான், அலுமினியம், இரும்போடு கட்டுண்டு கிடக்கிறது. கார்பனும் நைட்ரஜனும் சூரியக் காற்று விட்டுச்சென்ற அளவுதான், பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற கணக்கில். செடி வளர்க்கவோ பிளாஸ்டிக் செய்யவோ பெரும்பாலும் பூமியிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.

செவ்வாயில் காற்றே கச்சாப்பொருள். 95% கார்பன் டை ஆக்சைடு, மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக நைட்ரஜன். ஒரு நாள் 24 மணி 39 நிமிடம். வடக்கே உயர் அட்சரேகையில் சில சென்டிமீட்டர் தோண்டியதுமே பனிக்கட்டியை நாசாவின் ஃபீனிக்ஸ் கலம் 2008-இல் கண்டது. பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி 16 முறை ஓடி, செவ்வாயின் காற்றிலிருந்தே 122 கிராம் ஆக்சிஜன் எடுத்துக் காட்டியது. 98 சதவீதமோ அதற்கு மேலோ தூய்மை. நிலவில் வைத்து அதன் மண்ணிலிருந்து இதுவரை ஒரு கிராம்கூட எடுக்கப்படவில்லை.

நிலவில் ஆக்சிஜன் எடுக்க, இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியத் தாதுவை ஹைட்ரஜனோடு 900 முதல் 1,000 டிகிரியில் வினைபுரியவைக்கும் உலையைப் பத்தாண்டு செலவழித்து உருவாக்குவீர்கள். தென்துருவ மேட்டு நிலத்தில் இல்மனைட் குறைவு என்பது தனிச் சிக்கல். அந்த உலை செவ்வாயில் எதற்கும் உதவாது.

மூடியசுற்று:
கச்சாப்பொருளில் செவ்வாய் செழிப்பானது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. முதல் குழுவைக் கொல்லக்கூடியது கச்சாப்பொருள் பற்றாக்குறை அல்ல, பழுது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான்கு பேர், 900 நாள். குடிக்க, சமைக்க, கழுவ ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.8 லிட்டர் என்றால் மொத்தம் 13,680 லிட்டர். சர்வதேச விண்வெளி நிலையம் 2023-இல் எட்டிய 98% நீர் மீட்போடு கணக்கிட்டால் கொண்டுபோக வேண்டியது 274 லிட்டர். ஆக்சிஜன் ஒருவருக்கு 0.84 கிலோ, மொத்தம் 3 டன். உணவு பொதியோடு 1.8 கிலோ, மொத்தம் ஆறரை டன். தாளில் பார்த்தால் எளிது.

அந்த 98% எப்படி வந்தது என்று பாருங்கள். சிறுநீர் வடிகட்டும் இயந்திரம் 2008-இல் மேலே போனது. 85% மீட்கும் என்று வடிவமைத்தார்கள். பதப்படுத்தச் சேர்த்தது கந்தக அமிலம். எடையற்ற நிலையில் எலும்பு கரைவதால் விண்வெளியாளர்களின் சிறுநீரில் கால்சியம் கூடுதல். இரண்டும் சேர்ந்து கால்சியம் சல்ஃபேட்டாகப் படிந்து வடிகலனை அடைத்தது. பூமியில் சோதித்த சிறுநீரில் அந்த அளவு கால்சியம் இல்லை, அதனால் முன்கூட்டித் தெரியவில்லை. மீட்பை 70% அளவுக்குக் குறைத்து ஓட்டினார்கள், பிறகு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். எஞ்சிய உப்புக் கழிவிலிருந்தும் நீரெடுக்கத் தனிக் கருவி வந்த பிறகுதான் 98. பதினைந்து ஆண்டு. அத்தனை நாளும் சரக்குக் கலங்கள் புதுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன.

ஆள் தங்கினால் மட்டுமே வெளிப்படும் பிழை இது. செவ்வாய்க்குப் போகும் வழியில் மூன்றாம் மாதம் வெளிப்பட்டால் என்ன செய்வது?

செம்மண்:
அந்தப் பிழையைப் பிடித்தது நிலவல்ல, நிலையம். இன்னும் நிறையப் பிழைகளைப் பூமியிலேயே பிடிக்கலாம். மாஸ்கோவில் 2010-11-இல் ஆறு பேர் 520 நாள் அடைபட்டு இருந்தார்கள். பெய்ஜிங்கின் யுவேகாங்-1 அறையில் 2017-18-இல் மாணவர் குழுக்கள் மாறி மாறி 370 நாள். அரிசோனாவின் பயோஸ்பியர் 2-இல் ஆக்சிஜன் 20.9-லிருந்து 14.5 சதவீதத்துக்கு இறங்கியது. மண்ணின் நுண்ணுயிர்கள் அதைத் தின்றன, வெளிவந்த கார்பன் டை ஆக்சைடைப் புதுக் கான்கிரீட் குடித்துவிட்டது. அரிய பாடம். பூமியை விட்டு நகராமலே கிடைத்தது.

மூடியசுற்று:
பூமியின் அறையை மூன்று இடங்களில் நம்ப முடியாது.

முதலாவது வெப்பம். பூமியில் எந்த இயந்திரமும் சுற்றியுள்ள காற்றுக்கு வெப்பத்தைக் கசியவிடும். நிலவில் எல்லா வெப்பமும் திரவக் குழாய் வழியாகக் கதிர்வீச்சுத் தகடுக்குப் போயாக வேண்டும். நிலையத்தில் 2010-லும் 2013-லும் அம்மோனியா குளிர்விப்புப் பம்ப் பகுதி பழுதானபோது, பாதி இயந்திரங்களை அணைத்துவிட்டு வெளியே போய் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது, திரவமும் வாயுவும் பிரியும் விதம். எடையற்ற நிலையில் சுழலும் கலன் வைத்துப் பிரிக்கிறோம். ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் குமிழி மேலே ஏறும், ஆனால் மெதுவாக. செவ்வாய்க்குக் கொண்டுபோகும் மின்பகுப்புக் கலனும் வடிகலனும் நிலையத்தின் வடிவத்தைவிட நிலவின் வடிவத்துக்கே நெருக்கமாக இருக்கும். மூன்றாவது, வெளியே போய் வருவது. பூமியில் கதவைத் திறந்தால் தோட்டம். நிலவில் ஒவ்வொரு முறையும் காற்றடைப்பு அறை, தூசி, காற்று இழப்பு.

தூசிப்படலம்:
தூசி என்றதும் என் பங்கு. நிலவுத் தூசியைப் பலர் "அழுக்கு" என்ற அளவில் நினைக்கிறார்கள். காற்றோ நீரோ தேய்க்காததால் அது உடைந்த கண்ணாடியின் ஓரம் போலக் கூர்மையானது. எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு 20 மைக்ரானுக்கும் சிறியது. மின்னூட்டம் ஏறி எதிலும் ஒட்டும். அப்போலோ 17-இல் மூன்று வெளிநடைகளுக்குள் கையுறையின் மேலுறை தேய்ந்தது. மண் மாதிரி கொண்டுவந்த வெற்றிடப் பெட்டிகள் சில, அடைப்பு வளையத்தில் தூசி சிக்கி, காற்று புகுந்த நிலையில் வந்து சேர்ந்தன.

75 மணி நேரத்தில் இவ்வளவு. 700 நாளில் கதவு வளையம், மணிக்கட்டு இணைப்பு, ஊர்தியின் சக்கர அச்சு என்ன ஆகும் என்று யாருக்கும் அனுபவம் கிடையாது. மின்புலத்தால் தூசியை உதறும் தகட்டை 2025 மார்ச்சில் புளூ கோஸ்ட் என்ற ஆளில்லாக் கலம் நிலவிலேயே ஓட்டிக் காட்டியது. நல்ல தொடக்கம். விண்வெளி உடையை வெளிச்சுவரிலேயே மாட்டிவைத்து, முதுகுப்புறக் கதவு வழியாக உள்ளே நுழையும் முறையையும் அங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

செவ்வாய்த் தூசியைக் காற்று உருட்டியிருப்பதால் கூர்மை குறைவு, ஆனால் இன்னும் நுண்ணியது. ஃபீனிக்ஸ் கண்டபடி மண்ணில் அரை சதவீத அளவில் பெர்குளோரேட் இருக்கிறது. தைராய்டைத் தாக்கும் உப்பு. நிலவில் இது இல்லை, ஆகவே இதற்கான பயிற்சி நிலவில் கிடைக்காது. ஆனால் தூசியை உள்ளே விடாத கதவை நிலவில் தேற்றிவிட்டால் பெர்குளோரேட் பெருமளவு வெளியிலேயே நின்றுவிடும்.

இரவைப் பற்றி யாரும் பேசவில்லை. நிலவின் ஓர் இரவு 14 பூமி நாளுக்குச் சற்று மேல், 354 மணி. 40 கிலோவாட்டை மின்கலத்தில் இழுத்தால் 14,160 யூனிட். கிலோவுக்கு 200 வாட்-மணி கணக்கில் மின்கலம் மட்டும் 70 டன். துருவத்து மேட்டில் இருள் நூறு மணிக்குள் அடங்கும் இடம் பார்த்து இறங்கினால் 20 டன்னில் முடியும். ஆனால் அங்கே சூரியன் தொடுவானத்தை ஒட்டியே சுற்றுவதால், பேனலைச் செங்குத்தாக உயர்ந்த கம்பத்தில் நிறுத்த வேண்டும். சந்திரயான்-3-இன் விக்ரமும் பிரக்யானும் ஒரு நிலவுப் பகல் முழுவதும் அருமையாக வேலை செய்தன. இரவைத் தாங்கும் சூடேற்றி இல்லாததால், 2023 செப்டம்பர் இறுதியில் வெயில் வந்தும் விழிக்கவில்லை. ஆள் தங்கும் இடத்துக்கு அணு உலை தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. 2018-இல் நெவாடாவில் ஓட்டிய கிரஸ்டி சோதனை உலை சிறியதுதான், ஆனால் பாதை அதுவே. செவ்வாயிலும் அணு உலையே வேண்டும். 2018-இன் புழுதிப் புயலில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி வெளிச்சமின்றி அடங்கியது, பேனலில் படிந்த தூசியாலேயே 2022 டிசம்பரில் இன்சைட் கலம் ஓய்ந்தது. நிலவில் தேறிய உலையை வெப்பத் தகட்டின் அளவை மட்டும் திருத்திச் செவ்வாய்க்குக் கொண்டுபோகலாம்.

கதிர்அளவி:
நிலவுப் பக்கமும் செவ்வாய்ப் பக்கமும் இரண்டுமே வசதியாக விட்டுவிடும் எண்கள் இவை. செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியாசிட்டி ஊர்தியின் கருவி அளந்த கதிர்வீச்சு நாளுக்கு 1.8 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு). செவ்வாயின் தரையில் 0.67. நிலவின் தரையில் சீனாவின் சாங்கே-4 கலம் அளந்தது 1.37. போக 180, வர 180, தங்க 500 நாள் என்றால் 648 + 335, கிட்டத்தட்ட 1,000 மில்லிசீவர்ட். நாசா ஒருவரின் வாழ்நாள் பணிக்கே வைத்திருக்கும் வரம்பு 600.

மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே ஏறிவிடுகிறது. நிலவில் கூரைமேல் இரண்டு மூன்று மீட்டர் மண்ணைக் கொட்டலாம். அரை மீட்டரோடு நிறுத்திவிடக் கூடாது. காஸ்மிக் கதிர் மண்ணில் மோதி நியூட்ரான்களைக் கிளப்பும், மெல்லிய கூரை அவற்றைத் தடுக்காது. அந்த மண்கூரை வித்தை செவ்வாயில் உதவும், கலத்தில் உதவாது. 1972 ஆகஸ்டில், அப்போலோ 16-க்கும் 17-க்கும் நடுவே வந்ததைப் போன்ற சூரியப் புயலுக்குக் கலத்தின் நடுவே நீரும் உணவும் சுவராக அடுக்கிய ஒரு சிற்றறை போதும். காஸ்மிக் கதிருக்கு மாற்று வேகம் ஒன்றுதான்.

ஈர்ப்பு விஷயத்திலும் நிலவு அரைகுறை ஆசிரியர்தான். ஆறில் ஒரு பங்கில் ஓராண்டு இருந்தவர்களின் இடுப்பெலும்பு தேயாமல் இருந்தால், செவ்வாயின் 0.38 பங்கிலும் பிழைப்போம் என்று தைரியமாகச் சொல்லலாம். தேய்ந்தால் செவ்வாயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. நிலையத்துச் சுழலியில் நிலவின் ஈர்ப்பில் வைத்த எலிகளுக்குத் தசை மெலியவில்லை, தசைநாரின் வகை மட்டும் மாறியது. செவ்வாயின் ஈர்ப்பே வேண்டுமானால் 21 மீட்டர் ஆரத்தில் நிமிடத்துக்கு நான்கு சுற்று சுற்றும் கலம் போதும். பூமிக்கு மேலேயே செய்யலாம்.

உந்துவிசை:
நிலவில் கற்க முடியாதவற்றின் பட்டியலில் தரையிறக்கமும் உண்டு. இதுவரை செவ்வாயில் இறங்கிய அதிகபட்ச எடை பெர்சிவியரன்ஸின் 1,025 கிலோ. ஆளுக்கான கலம் 20 டன்னுக்குக் குறையாது. அந்த எடைக்குப் பாராசூட் உதவாது, ஒலியைவிட வேகமாகப் பாயும்போதே எஞ்சினை எதிர்த்திசையில் எரிக்க வேண்டும். நிலவில் நூறு முறை இறங்கினாலும் இதைக் கற்க முடியாது. ஆளில்லாச் சரக்கை ஒவ்வொரு ஏவுகாலத்திலும் செவ்வாயில் இறக்கித்தான் கற்க வேண்டும்.

ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது: எஞ்சின் சுடர் கிளப்பும் கல். 1969-இல் அப்போலோ 12 ஏறத்தாழ 160 மீட்டர் தள்ளி இறங்கியதற்கே, அங்கிருந்த சர்வேயர் 3 கலத்தின் மேற்பரப்பு மணலால் தேய்க்கப்பட்டிருந்தது. இருப்பிடத்தைச் சுற்றி மண்கரை எழுப்பி, இறங்கு தளத்தை இறுக்கிக் கட்டும் வேலையை நிலவில் பழகலாம்.

தென்துருவம்:
அப்படியானால் "முதலில் எது" என்று வரிசைப்படுத்துவதைவிட, எந்த வேலைக்கு எந்த இடம் என்று பிரிப்பதே சரி. ஆள் நிலவில், சரக்கு செவ்வாயில், இரண்டும் ஒரே காலத்தில். செவ்வாய்க்கு ஆள் ஏறும் முன் நான் கேட்பது: நிலவில் நான்கு பேர் 780 நாள் (ஓர் ஏவுகால இடைவெளி), பூமியிலிருந்து ஓர் உதிரிபாகம்கூட வாங்காமல். செவ்வாயில் 20 டன் கலம் அடுத்தடுத்த இரு ஏவுகாலங்களில் பழுதின்றி இறங்க வேண்டும். ஊருக்குத் திரும்ப வேண்டிய ஆக்சிஜன், ஏறத்தாழ 25 டன், ஆள் கிளம்பும் முன்பே அங்கே தொட்டியில் நிறைந்திருக்க வேண்டும். மாக்ஸி உச்சத்தில் மணிக்கு 12 கிராம் தந்தது. இதற்கு மணிக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டும்.

செம்மண்:
பிரிப்பதை ஏற்கிறேன். என் அச்சம் பணம். விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பரிலிருந்து ஆள் இல்லாத நாள் இல்லை, அதை நடத்துவதிலேயே அடுத்த படிக்கான நிதி கரைந்தது. நிலவுத் தளமும் அப்படி ஆகலாம். ஆகவே அந்த 780 நாளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் முன்பே எழுதப்பட வேண்டும். ஏவுகாலங்கள் 2031 தொடக்கம், 2033, 2035 என்று வருகின்றன. பின்னிரண்டும் குறைந்த ஆற்றலில் போகக்கூடியவை. நிலவுச் சோதனை 2035-க்குப் பின்னால் தள்ளிப்போனால் நல்ல காலத்தை இழப்போம். நிலவுக்கான ஒவ்வொரு இயந்திரத்தையும் வாங்கும்போதே "இது செவ்வாயிலும் ஓடுமா" என்று கேட்க வேண்டும். இல்மனைட் உலையை விட்டுவிடுங்கள். நீர் மின்பகுப்பு, அணு உலை, உடை, கதவு இவற்றில் போடுங்கள்.

மூடியசுற்று:
780 நாள் சோதனைக்கு ஒரு விதி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தேறியதாகக் காட்டிவிடுவார்கள். நிலையத்தில் பழுதான பெட்டியை முழுதாகக் கழற்றிவிட்டு வேறு பெட்டி வைப்பதே வழக்கம். ஒரு வால்வு கெட்டாலும் பல பத்து கிலோ பெட்டி மாறும். அதே பழக்கத்தில் 780 நாளுக்கு உதிரி சேர்த்தால் கலத்தில் உணவுக்கு இடம் இருக்காது. ஆகவே பழுதை வால்வு, தாங்கி, உணரி, அடைப்பு வளையம் என்ற மட்டத்திலேயே திறந்து சரிசெய்ய வேண்டும். நீர்ச் சுற்றுக்கும் காற்றுச் சுற்றுக்கும் குளிர்விப்புக்கும் ஒரே அளவு வால்வு, ஒரே பம்ப் மோட்டார் என்று வடிவமைத்தால், ஒவ்வொன்றுக்கும் தனியாக இரண்டு உதிரி வைப்பதற்குப் பதில் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கைந்து போதும்.

நிலவில் முதல் நாளிலிருந்து ஒரு பதிவேடு: எந்தப் பாகம், எத்தனை மணி ஓடி, எதனால் கெட்டது, சரிசெய்ய எத்தனை கிலோ, எத்தனை மணி. செவ்வாய்க் கலத்தின் உதிரிப் பெட்டியில் என்ன வைப்பது என்று இன்று எவரும் ஊகத்தில்தான் சொல்கிறார்கள். அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் அதை நிரப்ப வேண்டும்.